வரப்பு மாறும், வாய்க்கால் நிலைக்கும்: இடைக்கால வயல்களை வானிலிருந்து தேடும் முறை

(துபாய் சத்வாவில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம். திரையில் காட்டிய படங்களுக்கான விளக்கங்களும் இடையே எழுந்த உரையாடல்களும் சுருக்கப்பட்டுள்ளன.)



சோழர் காலத்து வயல்களைப் பற்றிப் பேச சத்வாவைத் தேர்ந்தெடுத்ததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, இந்த அவை. இங்கே நில அளவையாளர்கள் இருக்கிறீர்கள். டிராஃப்ட்ஸ்மேன்கள், ஜிஐஎஸ் பணியில் இருப்பவர்கள், சாலைக்கும் குழாய்க்கும் மட்டம் பார்ப்பவர்கள் பலர் இருக்கிறீர்கள். வானிலிருந்து எடுத்த படத்தையும் தரையில் எடுத்த அளவையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பது உங்கள் அன்றாடத் தொழில். நான் சொல்லப்போகும் ஆய்வுக்கு வேண்டிய திறமையும் அதுதான்.

இரண்டாவது காரணம், இந்த நிலம். கைவிடப்பட்ட இடைக்கால வயல்களை வானிலிருந்தும் தரையிலும் சேர்த்துப் படித்த சிறந்த ஆய்வுகளில் ஒன்று இங்கிருந்து சில மணி நேரப் பயணத்தில் உள்ள ஓமானின் சோஹாரில் நடந்தது. நமக்கு அருகிலேயே, ஜுமைராவில், 9, 10-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த அப்பாசியர் காலக் குடியிருப்பின் இடிபாடுகள் இருக்கின்றன. வணிகர் தங்கும் விடுதி, பள்ளிவாசல், கடைவீதி என்று ஓர் ஊரே அங்கே இருந்திருக்கிறது. தஞ்சையில் விஜயாலயன் ஆட்சியை நிறுவி, பராந்தகன் அதை விரிவுபடுத்திய அதே காலம் அது. வளைகுடாவின் அன்றைய ஊர்களையும் தமிழகத்தின் அன்றைய ஊர்களையும் அருகருகே வைத்துப் படிக்கலாம் என்பதே என் துணிவுக்கு அடிப்படை.

இன்று நான் நிறுவ விரும்பும் கருத்து ஒன்றுதான். பழைய வயலைத் தேடுபவர் வயலின் எல்லையைத் தேடக் கூடாது. அந்த வயலுக்குத் தண்ணீர் வந்த ஒழுங்கைத் தேட வேண்டும். வரப்பு தலைமுறைக்குத் தலைமுறை மாறும். நீர்வழியின் ஒழுங்கு நூற்றாண்டுகள் தாங்கும். அந்த ஒழுங்கை வானிலிருந்து பார்த்து, மண்ணைக் கொண்டும் எழுத்தைக் கொண்டும் உறுதிசெய்ய வேண்டும். இதை ஏழு செய்திகளாகப் பிரித்துச் சொல்கிறேன்.

1. உழவு நின்ற இடத்தில் தடம் நிற்கும்

வானிலிருந்து தொல்லியலைப் படிக்கும் கலை முதல் உலகப் போரில் பிறந்தது. எதிரியின் பதுங்குகுழிகளைப் படமெடுக்கப் போன விமானங்கள், தெரியாமலே பழைய நிலங்களையும் படமெடுத்து வந்தன. அந்தப் போரில் வான்படை நோக்கராக இருந்த ஓ.ஜி.எஸ். க்ராஃபோர்ட் பின்னர் இங்கிலாந்தின் பழைய வயல்களை விமானப் படங்களில் அடையாளம் கண்டார். அவரும் அலெக்ஸாண்டர் கெய்லரும் சேர்ந்து வெளியிட்ட 'வெஸெக்ஸ் ஃப்ரம் தி ஏர்' என்ற நூல் 1928-இல் வந்தது. மாரிஸ் பெரஸ்ஃபோர்டும் ஜே.கே. செயின்ட் ஜோசப்பும் இடைக்கால இங்கிலாந்தை வானிலிருந்து காட்டும் நூலை 1958-இல் கொண்டுவந்தார்கள்.

அந்த நாட்டு இடைக்கால வயல் நீண்ட பட்டைகளாக இருந்தது. மண்ணை ஒரு பக்கமாகவே புரட்டிப் போடும் கனத்த கலப்பையால் ஆண்டாண்டாக உழுததில், பட்டையின் நடு மேடாகவும் ஓரம் பள்ளமாகவும் ஆயின. இந்த மேடுபள்ளம் இன்றும் எங்கே தெரிகிறது? இடைக்காலத்தின் இறுதியில் உழவை நிறுத்தி ஆட்டு மேய்ச்சலுக்கு விட்ட நிலங்களில் தெரிகிறது. தொடர்ந்து உழுத நிலங்களில் பெரும்பாலும் அழிந்துபோயிற்று.

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. வயலின் தடம் மிஞ்ச வேண்டுமானால் அந்த வயல் கைவிடப்பட்டிருக்க வேண்டும். வளைகுடா நாடுகளில் அப்படிக் கைவிடப்பட்ட நிலம் ஏராளம். மழை குறைவு, செடி குறைவு, பிற்கால உழவும் குறைவு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கட்டிய மண்கரை அரையடி உயரத்தில் இன்னும் கிடக்கும். தமிழகத்தின் நிலை இதற்கு நேர்மாறு. காவிரிப் படுகையில் ராஜராஜன் காலத்தில் விளைந்த வயல் இன்றும் விளைகிறது. ஆண்டுதோறும் சேறடித்து நடும் நிலத்தில் பழைய வரப்பின் மேடு எப்படி நிற்கும்? ஆகவே ஐரோப்பிய முறையை அப்படியே எடுத்துவந்து தஞ்சாவூரில் வைத்தால் ஒன்றும் கிடைக்காது. நமக்கு வேறு வழி வேண்டும். அந்த வழி எது என்பதை நான்காம் செய்தியில் சொல்கிறேன்.

2. வானிலிருந்து தெரிவது எது

தரையில் நின்றால் தெரியாத ஒன்று மேலிருந்து தெரிவதற்குக் காரணங்கள் எளியவை. நால்வகைத் தடங்களைச் சொல்லலாம்.

முதலாவது நிழல் தடம். காலையிலும் மாலையிலும் வெயில் சாய்வாக விழும்போது, கணுக்கால் உயரக் கரைகூட நீண்ட நிழல் தரும். உச்சி வேளைப் படத்தில் அதே இடம் வெறுந்தரையாகத் தெரியும்.

இரண்டாவது மண்ணின் நிறம். பாசன நீர் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வண்டலைக் கொண்டுவந்து விட்டுப் போகும். அது நூறு, இருநூறு ஆண்டுகள் படிந்தால் சுற்றியுள்ள சரளை நிலத்திலிருந்து வேறான நிறத்தில், வேறான மென்மையில், ஒரு பரப்பு உருவாகும்.

மூன்றாவது பயிர்த் தடம். மண் தூர்ந்துபோன பழைய கால்வாயின் மேல் முளைத்த பயிருக்கு வேர் ஆழமாக இறங்கும், ஈரம் கூடுதலாகக் கிடைக்கும். அது உயர்ந்து பச்சையாக நிற்கும். புதைந்த சுவரின் மேல் முளைத்தது முந்தியே பழுத்து வாடும். வறட்சி ஆண்டில் இந்த வேறுபாடு மிகத் தெளிவாகத் தெரியும்.

நான்காவது ஈரத் தடம். மழை பெய்து ஓய்ந்த மறுநாள், எந்த இடம் முதலில் காய்கிறது, எந்த இடம் கடைசியில் காய்கிறது என்பது ஒரு வரைபடம் போட்டுத் தரும்.

நான்கையும் சேர்த்துப் பாருங்கள். மூன்றில் நீரே காரணமாக இருக்கிறது. வண்டலைக் கொண்டுவந்தது நீர், பயிரை உயர்த்துவது புதைந்த கால்வாயின் ஈரம், கடைசியில் காய்வது பழைய பள்ளம். வானிலிருந்து நாம் வயலைப் பார்ப்பதாக நினைக்கிறோம். உண்மையில் நீர் விட்டுச்சென்ற சுவட்டையே பெரும்பாலும் பார்க்கிறோம்.

3. சோஹார் கற்றுத் தரும் பாடம்

9, 10-ஆம் நூற்றாண்டுகளில் சோஹார் இந்தியப் பெருங்கடல் வணிகத்தின் பெரிய துறைமுகங்களில் ஒன்று. அதன் பின்னிலத்து மலைகளில் செம்பு உருக்கினார்கள். அத்தனை பேருக்குச் சோறு எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு 1970-களில் அங்கே வேலை செய்தவர் பிரிட்டானியத் தொல்லியலாளர் டோனி வில்கின்சன்.

பாத்தினா கடற்கரையை ஒட்டி இன்று பேரீச்சந்தோப்புகள் ஒரு பட்டையாக ஓடுகின்றன. அதற்கு மேற்கே, மலையை நோக்கிப் போனால், சரளை படர்ந்த வெற்றுச் சமவெளி. விமானப் படங்களில் அந்த வெற்றுச் சமவெளியில் வயல்களின் கோடுகளும் ஃபலஜ்களின் வழியும் தெரிந்தன. ஃபலஜ் என்பதை இந்த அவைக்கு விளக்க வேண்டியதில்லை. அல் ஐனுக்குப் போன எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மலையடிவார நிலத்தடி நீரை, லேசான சரிவு கொடுத்துத் தோண்டிய சுரங்கக் கால் வழியாக, இறைக்காமலே ஊருக்குக் கொண்டுவரும் ஏற்பாடு. சுரங்கத்தைத் தோண்டவும் தூர்வாரவும் இடைவெளிவிட்டுக் குழிகள் இறக்குவார்கள். அந்தக் குழிகளிலிருந்து எடுத்த மண் வாயைச் சுற்றி வளையமாகக் கிடக்கும். மேலிருந்து பார்த்தால் மணி கோத்ததுபோல ஒரு வரிசை பாலைவனத்தில் ஓடும். சுரங்கம் வற்றி ஆயிரம் ஆண்டானாலும் அந்த வரிசை மறைவதில்லை.

ஆனால் ஒரு கோடு வயல் என்பதற்கும், அது இன்ன நூற்றாண்டு வயல் என்பதற்கும் படம் சாட்சி சொல்லாது. வில்கின்சன் தரையில் இறங்கி ஓட்டாஞ்சில்லுகளைப் பொறுக்கினார். ஊர் இருந்த இடத்தில் சில்லு கிடப்பது இயல்பு. ஆளே குடியிராத வயல்வெளியில், உடைந்து தேய்ந்த சிறு சில்லுகள் பரவலாகக் கிடப்பானேன்? அவை எருவோடு வந்தவை. வீட்டுக் குப்பை, சாம்பல், சாணம் எல்லாம் எருக்குழியில் சேரும். உடைந்த சட்டியின் துண்டும் அதோடு சேரும். அள்ளிக்கொண்டுபோய் வயலில் கொட்டும்போது குப்பை மக்கிப்போகும், சில்லு மட்டும் மிஞ்சும். அந்தச் சில்லுகள் எந்தக் காலத்தவை என்று பார்த்தால், வயலுக்கு எரு அடித்த காலம் தெரியும். எவ்வளவு அடர்த்தியாகக் கிடக்கின்றன என்று எண்ணினால், எந்த வயலை எவ்வளவு கவனித்துச் செய்தார்கள் என்பதும் தெரியும். சோஹாரில் இந்தச் சில்லுகள் இசுலாமிய ஆட்சியின் முற்பகுதியைக் காட்டின. துறைமுகம் செழித்தபோது வயல் உள்நாட்டை நோக்கி விரிந்தது. ஊர் தளர்ந்தபோது கடலோரத் தோப்புகளுக்குச் சுருங்கியது.

நம் ஊரில் மாட்டுவண்டியில் எரு அடித்ததைப் பார்த்தவர்கள் இந்த அவையில் பலர் இருப்பீர்கள். கோடை உழவுக்கு முன் வயலில் சிறு சிறு குவியலாகக் கொட்டி, பிறகு கூடையால் வாரி இறைப்பார்கள். அந்த எருவில் எத்தனை ஓடு, எத்தனை வளையல் துண்டு கிடந்தது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். சோஹாரில் பயன்பட்ட சான்று நம் வயல்களிலும் உண்டு. முறைப்படி அதை எண்ணிப் பார்க்கும் வேலையை நாம் செய்தாக வேண்டும்.

ஃபலஜ் இன்னொன்றையும் கற்றுத் தருகிறது. ஓமானில் சுமார் 3,000 ஃபலஜ்கள் இன்றும் ஓடுகின்றன. அவற்றில் ஐந்தை யுனெஸ்கோ 2006-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அல் ஐன் பகுதியில் ஃபலஜ் ஏறக்குறைய 3,000 ஆண்டுப் பழமை கொண்டது என்பதை ஹீலி அகழாய்வுகள் காட்டின. அல் ஐனின் பண்பாட்டு இடங்கள் 2011-இல் அந்தப் பட்டியலில் ஏறின. இவ்வளவு காலம் ஓர் ஏற்பாடு நிலைத்ததற்கு நீரை முறைவைத்துப் பங்கிட்ட ஒழுங்கே காரணம். பகலில் நிழலை அளந்தும் இரவில் விண்மீனைப் பார்த்தும் அவரவர் முறையைக் கணக்கிட்டார்கள். தோப்பு கைமாறும், சுவர் இடம் மாறும். பங்கு வரிசையும் கால்வாயின் போக்கும் எளிதில் மாறுவதில்லை.

4. தமிழகத்தில் வயலின் முகவரி கல்லில் இருக்கிறது

இனி நம் ஊருக்கு வருவோம். கைவிடப்படாத வயலில் தடம் தேடுவது எப்படி என்ற கேள்விக்கு விடை நம் கோயில் சுவர்களில் இருக்கிறது.

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரை எல்லோரும் அறிவீர்கள். பராந்தகன் காலத்தில் 919-இலும் 921-இலும் பொறித்த குடவோலைக் கல்வெட்டுகளால் புகழ்பெற்ற ஊர். பல்லவர் காலத்திலேயே அமைந்த பிரமதேயம் அது. அதன் வயிரமேகத் தடாகத்தைப் பராமரிக்கச் சபை ஏரி வாரியம் வைத்திருந்தது. வாரியத்துக்கு நிற்பவருக்குக் கால் வேலிக்கு மேல் இறைநிலம் (வரி செலுத்தும் நிலம்) இருக்க வேண்டும் என்ற விதியும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதே ஊரின் மற்றக் கல்வெட்டுகளை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. கோயிலுக்கும் மடத்துக்கும் நிலம் விட்ட செய்திகள் அவை. என் பேச்சின் உயிர் அவற்றில்தான் இருக்கிறது. இந்த ஊரின் கல்வெட்டுகளையும் வரலாற்றையும் கோயில்களையும் ஒருசேர ஆராய்ந்து ஃப்ரான்சுவா க்ரோவும் இரா. நாகசாமியும் பிரெஞ்சில் எழுதிய நூல் 1970-இல் புதுச்சேரியில் வெளியானது.

நிலத்தை அந்தக் கல்வெட்டுகள் குறிக்கும் முறையைப் பாருங்கள். இன்ன வதி என்னும் வழிக்கு மேற்கு, இன்ன வாய்க்காலுக்குத் தெற்கு, இத்தனையாம் கண்ணாறு, இத்தனையாம் சதுக்கம், அதில் இத்தனை குழி நிலம். சோழ மண்டலத்துப் பிரமதேயங்களிலும் இதே அமைப்பைக் காண்கிறோம். அங்கே சதுக்கத்துக்குப் பதில் சதிரம் என்று வரும்.

கையில் ஒரு தாள் இருந்தால் எடுத்து வரைந்து பாருங்கள். வதிக்கு மேற்கு என்றால், அந்த வதி வடக்குத் தெற்காக ஓட வேண்டும். அதைச் செங்குத்துக் கோடாகப் போடுங்கள். வாய்க்காலுக்குத் தெற்கு என்றால், வாய்க்கால் கிழக்கு மேற்காக ஓட வேண்டும். அதைக் கிடைக்கோடாகப் போடுங்கள். இரண்டும் வெட்டும் இடத்தில் ஒரு மூலை கிடைக்கிறது. அந்த மூலையின் தென்மேற்குக் கால்பகுதியில் நம் நிலம் இருக்கிறது. வாய்க்காலிலிருந்து பிரிந்து வயலுக்கு நீர் தரும் சிறு கால் கண்ணாறு. மூன்றாம் கண்ணாறு என்றால் மூலையிலிருந்து எண்ணிக்கொண்டு போய் மூன்றாம் வரிசையில் நிற்க வேண்டும். நாலாம் சதுக்கம் என்றால் அந்த வரிசையில் நான்காவது கட்டம். நிலம் கிடைத்துவிட்டது.

இந்த முகவரி வேலை செய்ய வேண்டுமானால் ஊரின் கழனி முழுவதும் கட்டம் கட்டமாக, எண்ணிட்ட வரிசையில், திட்டமிட்டு அமைந்திருக்க வேண்டும். எண்ணுக்குரிய கட்டத்தைக் கண்டுபிடிக்க ஊரார் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கட்டத்தை வகுத்த கோடுகள் எவை என்று கவனியுங்கள். ஆள் பெயர் கொண்ட வரப்பு அங்கே முதன்மை பெறவில்லை. வதி, வாய்க்கால், கண்ணாறு ஆகியவையே முகவரியின் எலும்புக்கூடு. ஊர்ச்சபையார், எது மாறாது என்று நம்பினார்களோ அதைக் கொண்டு நிலத்தைக் குறித்தார்கள். சந்திரன், சூரியன் உள்ளவரை நிலைக்க வேண்டிய கொடைக்கு அவர்கள் தேர்ந்தெடுத்த சாட்சி நீர்வழி.

அவர்கள் நம்பியதற்குக் காரணமும் உண்டு. அண்ணன் தம்பி இருவர் ஒத்துக்கொண்டால், ஒத்துக்கொள்ளாவிட்டால்கூட, ஒரு இரவில் வரப்பை நகர்த்திவிடலாம். வாய்க்காலை நகர்த்த முடியுமா? அது நிலத்தின் சரிவுக்குக் கட்டுப்பட்டது. மடையிலிருந்து கடைமடை வரை உள்ள எல்லோருடைய சம்மதமும் வேண்டும். மேலே அரையடி மாற்றினால் கீழே ஒருவனுக்குத் தண்ணீர் ஏறாது.

5. அடுக்கடுக்காகப் பின்னோக்கிப் போக வேண்டும்

இன்றைய செயற்கைக்கோள் படத்திலிருந்து பத்தாம் நூற்றாண்டுக்கு ஒரே தாவாகத் தாவக் கூடாது. படிப்படியாக இறங்க வேண்டும்.

முதல் படி, இன்றைய படம். கூகுள் எர்த்தும் இஸ்ரோவின் புவன் தளமும் எல்லோருக்கும் திறந்திருக்கின்றன. பழைய ஆண்டுப் படங்களுக்குப் பின்னோக்கி நகர்த்தவும் முடியும். பழகிக்கொள்ள சத்வாவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜுமைரா கார்டன்ஸ் திட்டத்துக்காக 2008-இல் இங்கே ஒரு பகுதி வீடுகள் இடிக்கப்பட்டதை நினைவில் வைத்திருப்பவர்கள் இருப்பீர்கள். இடித்த பகுதியை ஆண்டு வாரியாகப் பாருங்கள். வீடு போன பிறகு எந்தக் கோடு எவ்வளவு காலம் தங்குகிறது என்று கண் பழகும்.

இரண்டாம் படி, அமெரிக்க உளவுச் செயற்கைக்கோளான கொரோனா 1960 முதல் 1972 வரை எடுத்த படங்கள். 8,60,000-க்கும் மேற்பட்ட படங்களின் இரகசியத் தடையை 1995-இல் நீக்கினார்கள். அவற்றுள் சிறந்தவற்றில் இரண்டு மீட்டர் அளவுள்ள பொருள்கூடத் தெரியும். வளைகுடாவில் எண்ணெய்ப் பணம் பாய்ந்து சாலைகளும் பம்புசெட் தோட்டங்களும் பரவுவதற்கு முந்திய நிலத்தை இவை காட்டுகின்றன. தமிழகத்தில் மனைப்பிரிவுகள் பெருகுவதற்கு முந்திய ஊர்களையும், படம் கிடைக்கும் இடங்களில், இவற்றில் காணலாம்.

மூன்றாம் படி, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தொடங்கிய ரயத்துவாரி நில அளவைப் பதிவுகள். கிராம வரைபடம், புலப்படம், அ-பதிவேடு. சர்வே எண் எல்லைகள் பல இடங்களில் அன்றிருந்த வாய்க்காலை ஒட்டியே போகின்றன.

நான்காம் படி, செங்கல்பட்டு ஜாகிரில் 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் நடத்திய கணக்கெடுப்பு. ஏறக்குறைய 2,000 ஊர்களின் நிலம், ஏரி, தோப்பு, குடியிருப்பு எல்லாவற்றையும் அது பதிவுசெய்தது. ஊர்க்கணக்கர்கள் எழுதிய ஓலைகளும் அதோடு சேர்ந்து கிடைக்கின்றன. ஆங்கிலேய ஆட்சி நிலத்தை மாற்றியமைப்பதற்கு முந்திய கடைசிச் சித்திரம் அது.

ஐந்தாம் படியில்தான் கல்வெட்டு வருகிறது. எ. சுப்பராயலு சோழ நாட்டின் அரசியல் புவியியலைப் பற்றி 1973-இல் வெளியிட்ட நூலில், கல்வெட்டில் வரும் ஊர்ப் பெயர்களை இன்றைய ஊர்களோடு பொருத்தி நாடுகளின் எல்லையை வரைந்தார். ஊர் அளவில் அவர் செய்து காட்டியதை நாம் கழனி அளவுக்குக் கொண்டுபோக வேண்டும். ஆற்றின் பழைய போக்குகளைச் செயற்கைக்கோள் படத்தில் காணும் வேலையைத் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் எஸ்.எம். இராமசாமி முன்னெடுத்தார். ஊர்ப்பெயர் ஒரு புறம், நீர்ப்போக்கு மறுபுறம் என்று இரண்டு முனைகளும் ஆயத்தமாக இருக்கின்றன. நடுவில் இருக்கும் வயல்தான் நம் பணிக்களம்.

ஒரு கோடு இந்த ஐந்து படிகளிலும் தொடர்ந்து வந்தால், அது பழைய கோடு என்று துணிந்து சொல்லலாம். இரண்டு படிகளோடு நின்றுவிட்டால், நம் முடிவும் அங்கேயே நிற்க வேண்டும்.

6. கண் ஏமாறும் இடங்கள்

நேர்க்கோடுகள் எல்லாம் மனிதன் வரைந்த பழைய கோடுகள் ஆகிவிடமாட்டா. பாலைவனத்தில் மிக ஒழுங்கான கட்டங்கள் சில, எண்ணெய் தேடிய நிறுவனங்கள் நில அதிர்வு ஆய்வுக்கு ஓட்டிய வண்டிப் பாதைகள். மணல் அலைகள் இணைகோடுகளாகக் கிடந்து உழவுசால்களை நினைவூட்டும். வாதி எனும் வறண்ட ஆற்றுப்படுகையின் சரளைத் திட்டுகள் கரைபோலத் தோன்றும்.

காவிரிப் படுகையிலும் எச்சரிக்கை தேவை. கொள்ளிடத்தில் ஆர்தர் காட்டன் 1836-இல் அணைகள் கட்டிய பிறகு பாசன அமைப்பு பெரிதும் மாறியது. மேட்டூர் அணையும் கல்லணைக் கால்வாயும் 1934-இல் வந்தன. அம்புபோல நேராக ஓடும் ஒரு கால்வாயைப் பார்த்ததும் சோழன் வெட்டியது என்று சொல்லிவிடக் கூடாது. அளவிலும் கவனம் வேண்டும். 12 சாண் கோல், 16 சாண் கோல் என்று நிலம் அளக்கும் கோல்கள் ஊருக்கு ஊர் வேறுபட்டன. கோல் தெரியாமல் குழிக் கணக்கைச் சதுர மீட்டராக மாற்றினால், எந்தக் கட்டத்தையும் எந்தக் கல்வெட்டோடும் பொருத்திவிட முடியும். அப்படிப் பொருத்தியது சான்றாகாது.

இவற்றைவிடப் பெரிய எச்சரிக்கை ஒன்று உண்டு. மேலிருந்து எடுத்த படத்தில் வயல் தெரியும். அந்த வயலில் இறங்கியவர் தெரியமாட்டார். ராஜராஜன் ஆட்சியில், கி.பி. 1000-ஐ ஒட்டி, நாடு முழுவதும் நிலம் அளந்தார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் ஒவ்வொரு ஊரின் பரப்பையும் வேலி, மா, காணி, முந்திரி என்று பின்னத்தின் பின்னம் வரை சொல்கின்றன. வரி இல்லாமல் கழித்த நிலங்களின் பட்டியலும் அதில் உண்டு: ஊர்நத்தம், குளம், ஊடறுத்துப் போகும் வாய்க்கால், கோயில், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு. சபையில் உட்கார்ந்தவர்களுக்கு நிலம் இருந்தது. சேற்றில் நின்றவர்களுக்கும் வாய்க்காலைத் தூர்வாரியவர்களுக்கும் அந்தப் பட்டியலில் ஒரு சேரியின் பெயரே மிஞ்சியது. நாம் மீட்டு வரையும் வரைபடத்தில் கழனியோடு சேரியும் சுடுகாடும் இடம்பெற வேண்டும். அவற்றை விட்டுவிட்டு வரைந்தால், ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய அநீதிக்கு நாமும் ஒரு முறை கையெழுத்துப் போட்டவர்கள் ஆவோம்.

7. இது இன்றைக்கு ஏன் வேண்டும்

பழங்கதைக்காக இவ்வளவு உழைப்பா என்று கேட்பவர்களுக்கு இரண்டு நிகழ்ச்சிகளைச் சுட்டுகிறேன். 2015 டிசம்பரில் சென்னையும் அதன் சுற்றுப்புறமும் வெள்ளத்தில் மூழ்கின. ஏரியும் ஏரிக்குக் கீழ்க் கழனியும் மனைகளாகிவிட்ட இடங்களில் தண்ணீர் வீட்டுக்குள் நின்றது. 2024 ஏப்ரல் 16 அன்று இந்த அமீரகத்தில் பெய்த மழை உங்கள் அனைவருக்கும் நினைவிருக்கும். அல் ஐனின் கத்ம் அல் ஷக்லாவில் 24 மணி நேரத்துக்குள் 254.8 மில்லிமீட்டர் பதிவாயிற்று. நீர் தாழ்ந்த இடத்துக்குத்தான் போகும். எது தாழ்ந்த இடம், எது வடிகால் என்று ஆயிரம் ஆண்டுக்கு முன் ஊர்ச்சபை அறிந்து வைத்திருந்தது. அந்த அறிவு வாய்க்காலின் போக்காக நிலத்தில் எழுதப்பட்டிருக்கிறது. ஒரு வாய்க்காலை மூடி மனை போடும் முன், அது எத்தனை காலமாக அங்கே ஓடுகிறது, எந்தெந்தக் கழனியின் வடிநீரைச் சுமக்கிறது என்று கேட்கும் பழக்கம் நம் திட்ட அலுவலகங்களுக்கு வர வேண்டும்.

உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள்.

ஒன்று. விடுப்பில் ஊருக்குப் போகும்போது உங்கள் ஊர்க் கிராம வரைபடத்தையும் உங்கள் குடும்ப நிலத்தின் பழைய புலப்படத்தையும் நகல் எடுத்து வையுங்கள். வாய்க்கால்களுக்கும் மடைகளுக்கும் ஊரில் வழங்கும் பெயர்களைப் பெரியவர்களிடம் கேட்டு வரைபடத்திலேயே எழுதுங்கள். முறைவைத்து நீர் பாய்ச்சியவர்களிடமும் மடை திறந்தவர்களிடமும் கேளுங்கள். பட்டாவில் பெயர் இல்லாதவர்களுக்கே பல பெயர்கள் தெரியும்.

இரண்டு. உங்கள் ஊர்க் கோயில் கல்வெட்டு படியெடுத்து வெளிவந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால், அதில் நிலத்துக்குச் சொல்லியிருக்கும் எல்லைகளைத் தனியே எழுதி, நான் சொன்னபடி தாளில் வரைந்து பாருங்கள். ஒரு வாய்க்காலின் பெயர் இன்றும் ஊரில் வழங்கினால், கட்டம் முழுவதையும் விரித்துவிடப் பிடிகொம்பு கிடைத்தது என்று பொருள்.

மூன்று. தொழில்முறையில் ஜிஐஎஸ் தெரிந்தவர்கள் ஒரு ஊரையாவது எடுத்துக்கொள்ளுங்கள். கொரோனா படத்தையும் கிராம வரைபடத்தையும் இன்றைய படத்தின்மேல் ஆயத்தொலை கொடுத்துப் பொருத்தித் தாருங்கள். இங்கே அனுமதி இல்லாமல் ட்ரோன் பறக்கவிட வேண்டாம். பொதுவில் கிடைக்கும் படங்களே முதற்கட்டப் பணிக்குப் போதும். மாலை நேரத்தில் ஒருவர் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலை இது. தமிழகத்தில் இருக்கும் கல்வெட்டறிஞர்களிடம் பெரும்பாலும் இல்லாத திறமை உங்களிடம் இருக்கிறது. உங்களிடம் இல்லாத வாசிப்பு அவர்களிடம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால், உத்திரமேரூரின் ஒரு சதுக்கத்தையாவது இன்றைய சர்வே எண்ணோடு பொருத்திக் காட்ட முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வளைகுடாவில் கைவிடப்பட்ட வயல் இருக்கிறது, அதன் முகவரியைச் சொல்லும் எழுத்து அரிது. தமிழகத்தில் முகவரி கல்லில் இருக்கிறது, வயல் ஆண்டுக்காண்டு புதுப்பிக்கப்பட்டு உருமாறியிருக்கிறது. இரண்டு நிலத்தையும் அறிந்தவர்கள் நீங்கள். மனைப்பிரிவுக் கற்கள் நடப்படும் வேகத்தைப் பார்த்தால் இந்த வேலைக்கு இன்னொரு தலைமுறை காத்திருக்க முடியாது. எந்த ஊரை எடுத்துக்கொள்வது என்பதை இன்றே முடிவுசெய்துவிட்டு எழுந்திருங்கள்.